ஏழு வருடம் காத்திருந்து கிடைத்த டேக்: வயோமிங் பிராங்ஹார்ன் வேட்டைக்கு ஆரம்பம் முதல் ஃப்ரீசர் வரை

ஜூன் மாதத்தில் குலுக்கல் முடிவு வந்த அன்று நான் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தேன். போனை மேசைக்கடியில் வைத்துத் திருட்டுத்தனமாகப் பார்த்தால், ஏழு வருடமாகத் தோல்வி தோல்வி என்றே காட்டிக்கொண்டிருந்த இடத்தில் வேறு வார்த்தை. அப்புறம் அந்த மீட்டிங்கில் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நீங்களும் இப்படி ஒரு டேக்கோடு, அதாவது ஒரு மிருகத்தைச் சுட மாநிலம் குலுக்கலில் தரும் அனுமதிச் சீட்டோடு, உட்கார்ந்து அடுத்து என்ன செய்வது என்று முழித்துக்கொண்டிருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். நான் டென்வர் பக்கம் இருக்கிறேன், பிராங்ஹார்ன் என்ற, பார்க்க மான் மாதிரி இருக்கும் கொம்பு விலங்கை வேட்டையாடப் போனது தெற்கு வயோமிங்கில் ரெட் டெசர்ட் பகுதிக்கு. மற்ற மாநிலங்களில் விதிகள் வேறு, ஆனால் விலங்கும் நிலமும் கறியும் எங்கும் ஒன்றுதான்.

முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த வேட்டையில் மிருகத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டமே இல்லை, ரோட்டிலிருந்தே நூறு தெரியும். அது உங்களைப் பார்க்காமல் நீங்கள் அதன் பக்கத்தில் போவதுதான் கஷ்டம். எல்லா ஏற்பாட்டையும் அந்த ஒரு விஷயத்தைச் சுற்றியே செய்யுங்கள்.

முதலில் கையில் என்ன இருக்கிறது என்று படியுங்கள்

வயோமிங்கில் வெளிமாநிலத்தவருக்கான கோட்டாவில் முக்கால் பங்கு பாயின்ட் (வருடாவருடம் காசு கட்டிச் சேர்க்கும் முன்னுரிமைப் புள்ளி) அதிகம் வைத்திருப்பவர்களுக்கு, கால் பங்கு வெறும் குலுக்கலுக்கு. ஒரு பாயின்ட்டுக்கு வருடம் 31 டாலர். லைசென்ஸில் சாதாரணக் கட்டணம், ஸ்பெஷல் கட்டணம் என்று இரண்டு வரிசை உண்டு. நான் சாதாரண வரிசை, 326 டாலர், விண்ணப்பக் கட்டணம் தனி. ஸ்பெஷல் வரிசையில் போட்டி குறைவு, ஆனால் 2024இலிருந்து அது 1,200 டாலர். அந்தக் காசுக்கு நான் இன்னும் ரெண்டு வருடம் காத்திருப்பேன்.

லைசென்ஸில் ஏரியா எண்ணும் டைப் எண்ணும் இருக்கும். டைப் 1 என்றால் பொதுவாக ஆணோ பெண்ணோ எதுவும் சுடலாம். டைப் 6 என்றால் பெண்ணும் குட்டியும் மட்டும். இதற்குக் கீழே பொடி எழுத்தில் ‘தனியார் நிலத்தில் மட்டும் செல்லும்’ என்றோ, ஏரியாவின் ஒரு பகுதியில் மட்டும் செல்லும் என்றோ ஒரு வரி ஒளிந்திருக்கலாம். எனக்குத் தெரிந்த ஒருவர் அந்த வரியை ஆகஸ்டில்தான் படித்தார், அதற்கப்புறம் ஒரு மாதம் முன்பின் தெரியாத பண்ணைக்காரர்களுக்குப் போன் போட்டுக் கெஞ்சிக்கொண்டிருந்தார். சீசன் தேதியையும் அந்த வருட விதிப்புத்தகத்தில் பாருங்கள், போன வருடக் கட்டுரை எதையும் நம்பாதீர்கள், இதையும் சேர்த்துத்தான்.

1966 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்று கட்டாயம். ஆன்லைனில் படித்து முடிக்கலாம், சில மாநிலங்களில் ஒருநாள் நேரில் போக வேண்டியிருக்கும். ஆகவே ஆகஸ்ட் வரை தள்ளிப்போடாதீர்கள்.

நம் ஆட்களுக்காக ஒரு பக்கக்குறிப்பு. எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது அமெரிக்க மத்தியச் சட்டப்படி தடை. அதில் ஒரு விலக்கு, காலாவதியாகாத மாநில வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பது. கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை. விசாவில் இருந்துகொண்டு நண்பனுடைய ரைஃபிளை ‘சும்மா ஒரு தடவை’ ரேஞ்சில் பிடித்துப் பார்ப்பதும் இந்தச் சட்டத்துக்குள் வரலாம், எனவே வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு இறங்குங்கள். சந்தேகமாக இருந்தால் வில் வேட்டை இருக்கிறது, பல ஏரியாக்களில் அது ஆகஸ்ட் நடுவிலேயே தொடங்கிவிடும்.

எதைத் தேடிப் போகிறீர்கள்

உள்ளூரில் எல்லாரும் ஆன்டிலோப் என்றுதான் சொல்வார்கள், கேலியாக ‘ஸ்பீட் கோட்’, வேக ஆடு. உண்மையில் இது ஆன்டிலோப்பும் இல்லை, ஆடும் இல்லை, மானும் இல்லை. இதன் குடும்பத்தில் இன்று உயிரோடு இருக்கும் ஒரே இனம் இதுதான், உயிரியல்படி நெருங்கிய சொந்தம் ஒட்டகச்சிவிங்கியும் ஒகாபியும். கொம்பின் உள்ளே எலும்பு, வெளியே நம் நகம் மாதிரியான ஓர் உறை, அந்த உறையை ஒவ்வொரு வருடமும் இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் கழற்றிப் போட்டுவிடும். மணிக்கு 55 மைல் வரை ஓடும். இன்று வட அமெரிக்காவில் இதைத் துரத்திப் பிடிக்க எந்த மிருகத்தாலும் முடியாது. எப்போதோ அழிந்துபோன அமெரிக்கச் சிறுத்தைக்குப் பயந்து பழகிய வேகம் இது என்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

வேட்டைக்காரனுக்கு வேகத்தைவிட முக்கியம் கண். உடம்புக்குப் பொருந்தாத அளவு பெரிய கண்கள், தலையின் பக்கவாட்டில் துருத்திக்கொண்டு இருக்கும், தலையைத் திருப்பாமலே கிட்டத்தட்ட முழு வட்டமும் தெரியும். ஒரு மைல் தள்ளி நீங்கள் கார்க் கதவைத் திறந்தாலே அதற்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் பின்பக்கத்து வெள்ளை முடியை விரித்துக் காட்டும், அதைப் பார்த்து மொத்தக் கூட்டமும் தலை தூக்கும்.

பலவீனங்களும் உண்டு. வேலியைத் தாண்டிக் குதிப்பது அரிது, அடிக்கம்பிக்குக் கீழே நுழைந்துதான் போகும். முள்கம்பியின் கீழ் வரிசையில் கொத்துக்கொத்தாக முடி ஒட்டியிருக்கிற இடம்தான் அதன் வாசல். வறண்ட மாதங்களில் தண்ணீருக்கு வந்தே ஆக வேண்டும். செப்டம்பர் நடுவிலிருந்து ஆண்கள் பெண் கூட்டத்தைக் கட்டிக்காப்பதிலும் எதிரியைத் துரத்துவதிலும் புத்தி கெட்டு அலையும். இன்னொன்று, அதற்கு வேடிக்கை பார்க்கும் குணம் உண்டு. புதருக்குப் பின்னாலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை ஆட்டினால் என்னவென்று பார்க்கக் கிட்டே வரும் என்று பழைய வேட்டைக்காரர்கள் சொல்வார்கள். நானும் ஆட்டிப் பார்த்தேன். அது என்னைப் பார்த்தது, போய்விட்டது.

வீட்டில் ‘பாவம், அதை எதுக்கு சுடணும்’ என்று கேட்பார்கள். கோடியக்கரையில் வெளிமானைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, அங்கே தொட்டாலே ஜெயில் என்று தெரிந்தவர்களுக்கு, இந்தக் கேள்வி வருவது நியாயம். 1920களில் அமெரிக்கா முழுவதும் பிராங்ஹார்ன் முப்பதாயிரத்தைச் சுற்றித்தான் மிஞ்சியிருந்தது. இன்று வயோமிங்கில் மட்டும் சில லட்சம். 1937இல் வந்த பிட்மேன்–ராபர்ட்சன் சட்டப்படி ரைஃபிளுக்கும் தோட்டாவுக்கும் நாம் கட்டும் 11 சதவீத வரியும் லைசென்ஸ் பணமும்தான் இந்த மீட்புக்குப் பெரும்பகுதிச் செலவைக் கொடுத்தன. எண்ணிக்கை குறைந்தால் டேக்கையும் குறைப்பார்கள். 2022–23 குளிர்காலத்தில் மேற்கு வயோமிங்கில் பனியும் நோயும் சேர்ந்து கூட்டம் கூட்டமாகக் கொன்றபோது டேக்குகளை வெட்டினார்கள். உங்களுக்கு இத்தனை வருடம் ஆனதற்கு ஒரு காரணம் இதுவும்தான்.

ஜூலை, ஆகஸ்ட்: வரைபடத்தோடு உட்காருங்கள்

ரெட் டெசர்ட் கடல்மட்டத்திலிருந்து ஆறாயிரத்து ஐந்நூறு, ஏழாயிரம் அடி உயரத்தில் கிடக்கிற பொட்டல். அதன் நடுவில் இருக்கும் கிரேட் டிவைட் பேசினில் விழும் மழை அட்லான்டிக்குக்கும் போகாது, பசிபிக்குக்கும் போகாது, அங்கேயே ஆவியாகிவிடும். இப்படிப்பட்ட இடத்தில் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. சாட்டிலைட் படத்தில் மாட்டுத் தொட்டி, காற்றாலை, மண் அணை போட்ட சின்னக் குட்டை எல்லாவற்றையும் குறியுங்கள். நான் குறித்த பதினொன்றில் நேரில் போனபோது நான்கில்தான் தண்ணீர் இருந்தது.

அடுத்தது யார் நிலம் என்ற கேள்வி. ஐ-80 நெடுஞ்சாலையை ஒட்டி ஆன்எக்ஸ் மாதிரி ஒரு செயலியைத் திறந்தால் சதுரங்கப் பலகை தெரியும். ஒரு சதுர மைல் அரசு நிலம், அடுத்தது தனியார், அடுத்தது மறுபடி அரசு. 1862இல் ரயில் பாதை போட கம்பெனிகளுக்கு ஒன்றுவிட்டு ஒன்று நிலம் கொடுத்ததன் மிச்சம் இது. இரண்டு அரசுக் கட்டங்கள் மூலையில் மட்டும் தொட்டுக்கொண்டால், தனியார் மண்ணை மிதிக்காமல் அந்த மூலையைத் தாண்டலாமா என்பது பல வருட வழக்கு. 2021இல் எல்க் மலையில் மூலை தாண்டிய நான்கு வேட்டைக்காரர்கள் மேல் வந்த வழக்கில், 2025 மார்ச்சில் பத்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. இருந்தாலும் முதல் வேட்டையிலேயே போனில் தெரியும் நீலப் புள்ளியை நம்பி மூலையில் கால் வைக்க வேண்டாம் என்பது என் கட்சி, அந்தப் புள்ளி பத்து பதினைந்து அடி தள்ளிக் காட்டக்கூடியது. பி.எல்.எம். (மத்திய அரசின் நில மேலாண்மைத் துறை) நிலம் தொடர்ச்சியாக இருக்கும் பகுதி வடக்கே போகப்போகக் கூடும், அங்கே போங்கள். மாநிலத் துறை தனியார் நிலத்தை ஏற்பாடு செய்து திறந்துவிடும் ‘வாக்-இன்’ பகுதிகளும், முன்கூட்டி அனுமதிச் சீட்டு எடுத்துக்கொண்டு போகும் பகுதிகளும் உண்டு. அந்தச் சீட்டு சில இடங்களில் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

அந்த ஏரியாவின் வனவிலங்கு அதிகாரிக்கு ஒரு போன் போடுங்கள். வெட்கப்படாதீர்கள், அவர்கள் வேலையே அதுதான். ‘எங்கே சுடலாம்’ என்று மொட்டையாகக் கேட்காமல், வரைபடத்தைப் பார்த்துவிட்டு ‘இந்த வருடம் இந்தக் குட்டையில் தண்ணீர் இருக்கிறதா’ என்று குறிப்பாகக் கேட்டால் நன்றாகப் பேசுவார்கள்.

ரைஃபிளும் உட்கார்ந்து சுடும் பழக்கமும்

தோட்டா ரகத்தில் .243, 6.5 கிரீட்மோர், .270, .308, எது கையில் இருக்கிறதோ அது போதும். பிராங்ஹார்ன் பெரிய மிருகம் இல்லை, நல்ல ஆண் ஐம்பது கிலோவைச் சுற்றி. புது ரைஃபிள் வாங்கும் காசில் தோட்டா வாங்குங்கள், நல்ல பைனாகுலர் வாங்குங்கள். 10x42 பைனாகுலரை ட்ரைபாடில் மாட்டிப் பார்ப்பதற்கும் கையில் பிடித்துப் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை ஒருதடவை அனுபவித்தால் அப்புறம் கையில் பிடிக்க மாட்டீர்கள்.

ஸ்கோப்பை 200 கெஜத்துக்கு ஜீரோ பிடித்து வையுங்கள், அதாவது அந்தத் தூரத்தில் குறி வைத்த இடத்திலேயே தோட்டா விழும்படி. கெஜம் என்றால் யார்டுதான், நம் துணிக்கடைக் கெஜம். ரேஞ்சில் மேசை மேல் வைத்துச் சுட்டுவிட்டு நிறுத்திவிடாதீர்கள். அங்கே மேசை கிடையாது. படுத்துச் சுடலாம் என்று நினைத்துப் போவீர்கள், படுத்தால் முழங்கால் உயரச் சேஜ்பிரஷ் புதர் ஸ்கோப்பை முழுக்க மறைக்கும். எனவே உட்கார்ந்து, ஷூட்டிங் ஸ்டிக் அல்லது ட்ரைபாட் மேல் வைத்துச் சுடும் பழக்கம்தான் காப்பாற்றும். வாரம் இருபது தோட்டா, உட்கார்ந்த நிலையில், கொஞ்சம் ஓடி மூச்சு வாங்கிவிட்டு. எட்டு அங்குலத் தட்டு ஒன்றை வைத்து, பத்துக்குப் பத்து விழும் தூரம் எதுவோ அதுதான் உங்கள் எல்லை. எனக்கு 250. நண்பர்கள் 500, 600 என்று கதை விடுவார்கள், விடட்டும்.

காற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வயோமிங்கில் காற்று நிற்பதே இல்லை. மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்று 6.5 கிரீட்மோர் தோட்டாவை 200 கெஜத்தில் இரண்டரை அங்குலம் போலத் தள்ளும், 300இல் ஐந்து ஆறு அங்குலம், 400இல் பத்து. அங்கே மதியத்தில் 20 மைல் சர்வசாதாரணம், அப்படியென்றால் இந்தக் கணக்கை இரட்டிப்பாக்குங்கள். நெஞ்சுப் பகுதியே எட்டு அங்குலம்தான். கிட்டே போவதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியாது.

மூட்டை

டயர்தான் முதலில். ஸ்பேர் ஒன்று, முடிந்தால் இரண்டு, பஞ்சர் ஒட்டும் கிட், காற்றடிக்கும் பம்ப். மழை பெய்தால் அந்த மண் களியாகிவிடும், டயரில் செருப்பில் ஒட்டுவது போல் அது அப்பிக்கொள்ளும், நாலு வீல் டிரைவ் வண்டியும் சக்கரம் சுற்றிக்கொண்டே நிற்கும். மழை வரும் என்றால் முன்கூட்டியே கெட்டி ரோட்டுக்கு வந்துவிடுங்கள், வர முடியாவிட்டால் காயும்வரை அசையாமல் இருங்கள். தலைக்கு நாளைக்கு ஒரு கேலன் தண்ணீர். செல்போன் சிக்னல் இருக்காது, வரைபடத்தை முன்கூட்டி டவுன்லோடு செய்து வையுங்கள்.

ரைஃபிள் வேட்டையில் பளிச்சென்ற ஆரஞ்சோ பிங்கோ வெளியே தெரியும்படி ஓர் உடையாவது போட வேண்டும், தொப்பியே போதும். முழங்கால் பேட், தோல் கையுறை, ஒரு நல்ல சாமணம், இந்த மூன்றையும் பட்டியலில் அடிக்கோடிட்டு எழுதுங்கள், ஏன் என்று கீழே வருகிறது. பெரிய ஐஸ் பெட்டி இரண்டு, அதில் ஐஸ்கட்டிக்குப் பதில் தண்ணீர் நிரப்பி உறைய வைத்த பாட்டில்கள். கறி கட்டும் துணிப்பை ஐந்தாறு. கத்தி இரண்டு.

முதல் இரண்டு நாள் சுடாதீர்கள்

ராலின்ஸ் ஊரைத் தாண்டி மண் ரோட்டில் இறங்கிய அரை மணி நேரத்தில் முதல் ஆணைப் பார்த்துவிட்டேன். கை பரபரத்தது. ஏழு வருடம் காத்திருந்த டேக்கை ஏழு நிமிடத்தில் முடிப்பது எப்படி என்று பலர் செய்து காட்டியிருக்கிறார்கள். அவர்கள் சோகமாகத் திரும்பவில்லை, ஆனால் மூன்றாம் நாள் பார்க்கக் கிடைத்திருப்பதை அவர்கள் பார்க்கவே இல்லை. இந்த மிருகம் பகல் முழுவதும் வெளியில்தான் இருக்கும், புள்ளிமான் மாதிரி நிழலில் மறையாது. அதனால் அவசரமே வேண்டாம். ஒரு மேட்டில் வண்டியை மறைவாக நிறுத்திவிட்டு, உச்சிக்குக் கொஞ்சம் கீழே உட்கார்ந்து, மணிக்கணக்கில் பைனாகுலரில் பாருங்கள். பத்து மணிக்கு மேல் கானல் ஆட ஆரம்பித்துவிடும், அதற்குமுன் தூரத்தில் உள்ளவற்றைப் பார்த்து முடியுங்கள்.

ஆணா பெண்ணா என்பதில் தவறு நடக்கும், பெண்ணுக்கும் குட்டையாகக் கொம்பு உண்டு. கன்னத்தில் காதுக்குக் கீழே கறுப்புப் பட்டை இருந்தால் ஆண். பெண்ணின் கொம்பு பெரும்பாலும் காதைத் தாண்டாது.

கொம்பை அளக்கக் காதுதான் அளவுகோல். காது ஏறக்குறைய ஆறு அங்குலம். கொம்பு இரண்டு காது நீளம் என்றால் பன்னிரண்டு அங்குலம், அது பரவாயில்லை ரகம். இரண்டரைக் காதுக்கு எட்டினால் பதினைந்து, அதைப் பார்த்தால் எனக்கு வாய் உலரும். முன்பக்கம் பிரியும் கவை காது நுனிக்கு மேலே தொடங்குகிறதா, பக்கவாட்டில் பார்க்கும்போது அடிக்கொம்பு கண்ணைவிட அகலமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். கொம்பை அளந்து சாதனைகளைப் பதியும் பூன் அண்ட் கிராக்கெட் கழகத்தின் பதிவேட்டில் நிரந்தர இடத்துக்கு 82 புள்ளி வேண்டும், அது லட்சத்தில் ஒன்று மாதிரி, அதைக் கனவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் தேர்ந்தெடுத்த ஆணுக்கு இடக்கொம்பு உள்பக்கம் வளைந்து இதயம் மாதிரி இருந்தது, வலது நேராக நின்றது. அளவில் சுமார்தான். மூன்று நாளாக ஒரே காய்ந்த குட்டையைச் சுற்றி அதே எட்டுப் பெண்களை மேய்த்துக்கொண்டிருந்ததால் அதன் பழக்கம் எனக்கு அத்துப்படி ஆகிவிட்டிருந்தது, அதுதான் காரணம்.

கிட்டே போவது

மரம் கிடையாது, பாறை கிடையாது, புதர் முழங்காலுக்கு மேல் கிடையாது. அதைப் பார்த்து ‘ஒளிய இடமே இல்லையே’ என்று முதல் நாள் தோன்றும். மூன்றாம் நாள்தான் நிலம் தட்டை இல்லை என்று கண்ணுக்குப் படும். சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது பாருங்கள், தட்டை என்று நினைத்த வெளியில் விரல் ரேகை மாதிரி ஓடைப் பள்ளங்கள் நிழலாகத் தெரியும். நாலடி ஆழம் இருந்தால் போதும், குனிந்து போகலாம். இரண்டடி என்றால் தவழலாம். ஓரடி என்றால் மார்பால் இழுத்துக்கொண்டு போகலாம், நான் அந்த வகை.

இப்படிச் செய்யுங்கள். கூட்டம் படுத்ததும் அது இருக்கும் இடத்தை, அதன் பின்னால் வானத்தில் தெரியும் ஏதாவது அடையாளத்தோடு சேர்த்து மனதில் பதியுங்கள், ஏனென்றால் பள்ளத்துக்குள் இறங்கியதும் எல்லாம் ஒன்று போலத் தெரியும். பள்ளம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். காற்று முகத்தில் அடிக்க வேண்டும். கண்ணுக்கே நாம் இவ்வளவு பயந்தாலும் அதற்கு மூக்கும் நன்றாகவே வேலை செய்யும். சுற்றிப் போக ஒரு மைல் அதிகமானாலும் போங்கள். கூட்டத்தில் காவல் காக்கும் ஒரு கிழட்டுப் பெண் இருக்கும். ஆணை மறந்துவிட்டு அவளையே கவனியுங்கள், அவள் தலை குனியும்போது நகருங்கள், தலை தூக்கினால் கல்லாகிவிடுங்கள்.

நான்காம் நாள் காலை பதினொரு மணிக்குப் பள்ளத்தில் இறங்கினேன். கடைசி நூற்றைம்பது கெஜத்துக்கு ஐம்பது நிமிடம் ஆனது. ரைஃபிளை இரண்டு முழங்கைக்கும் குறுக்கே வைத்து, கன்னம் மண்ணில் உரச. அந்த மண்ணில் புல் இருக்கும் இடத்தில் எல்லாம் சப்பாத்திக்கள்ளியும் இருக்கும், நம் ஊர் வேலிக் கள்ளி மாதிரி ஆளுயரம் இல்லை, தரையோடு தரையாக உள்ளங்கை அகலத்தில் ஒளிந்திருக்கும். பேட் போட்ட முழங்காலுக்கு ஒன்றுமில்லை. பேட் இல்லாத தொடையில் ஒரே சமயத்தில் பத்துப் பன்னிரண்டு முள் ஏறியது. சத்தம் போட முடியாது, எழவும் முடியாது, பல்லைக் கடித்துக்கொண்டு அதன் மேலேயே படுத்திருந்தேன், ஏனென்றால் அந்தக் கிழவி அந்த நேரம் பார்த்துத் தலையைத் தூக்கி என் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அசை போடும் தாடை நின்றுவிட்டது. ஒரு நிமிடமோ இரண்டோ இருக்கும். அப்புறம் தாடை மறுபடி அசைந்தது. சாமணம் ஏன் என்று கேட்டீர்களே, அன்று ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் முப்பத்தொரு முள் எடுத்தேன். பாம்புக்கும் இது வீடுதான், செப்டம்பர் வெயிலில் கிலுகிலுப்பைப் பாம்பு வெளியே கிடக்கும், கை வைக்கும் முன் பார்த்து வையுங்கள்.

சுடுவது

சட்டப்படியான நேரம் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிலிருந்து மறைவுக்கு அரை மணி பின்புவரை. வண்டியிலிருந்தோ பொது ரோட்டுக்குக் குறுக்கேயோ சுடக்கூடாது. தூரத்தைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள், மரமும் வீடும் இல்லாத வெளியில் கண் மோசமாக ஏமாறும். தூரம் அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டரில் அழுத்துங்கள்.

பக்கவாட்டில் நிற்கும் வரை காத்திருந்து, முன்கால் சப்பைக்குப் பின்னால், உடம்பு உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு. அதற்குமுன் ஒன்று, பின்னால் வேறு மிருகம் நிற்கிறதா என்று பாருங்கள். கூட்டமாக நிற்கும், தோட்டா துளைத்துக்கொண்டு போய் இன்னொன்றையும் சாய்க்கும், கையில் டேக் ஒன்றுதான். நான் இதற்காகவே நான்கு நிமிடம் ஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு பெண் நகர்ந்தாள், ஆண் எழுந்து உடம்பை முறுக்கிச் சோம்பல் முறித்தான், 180 கெஜம். சுட்டேன். முப்பது கெஜம் ஓடி விழுந்தான்.

சுட்டதும் எழுந்து குதிக்காதீர்கள். அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொண்டு ஸ்கோப்பிலேயே பார்த்துக்கொண்டிருங்கள். எழுந்தால் உடனே இரண்டாவது. காயத்தோடு ஓடவிட்டால் அந்த வெளியில் மைல் கணக்கில் போகும்.

அடுத்த ஒரு மணி நேரம்

பிராங்ஹார்ன் கறி நாறும், சேஜ் இலை வாடை அடிக்கும், நாய்கூடத் தின்னாது என்று வேட்டைக்காரர்களே சொல்லிக் கேட்டிருப்பீர்கள். விசாரித்துப் பார்த்தால் அப்படிச் சொல்பவர் மிருகத்தை ஓடவிட்டுச் சுட்டிருப்பார், போட்டோ எடுத்திருப்பார், தோலோடு லாரிப் பின்பக்கத்தில் போட்டு வெயிலில் ஊரெல்லாம் காட்டிவிட்டுச் சாயங்காலம் குடல் எடுத்திருப்பார். நம் ஊரில் எந்தக் கசாப்புக் கடைக்காரராவது வெள்ளாட்டை அப்படி வைத்திருப்பாரா? அமைதியாக இருந்த மிருகம், சீக்கிரம் உரித்த தோல், உடனே ஐஸ். இவ்வளவுதான் ரகசியம். மான் கறியைவிட இது மென்மை.

முதலில் டேக். இடத்தை விட்டு நகரும் முன் லைசென்ஸோடு வரும் கூப்பனில் தேதியைக் குறித்துக் கையெழுத்துப் போடுங்கள். போட்டோ சீக்கிரம் இரண்டு எடுங்கள், போதும்.

நான் குடலைத் திறக்காமல் கறி எடுக்கும் முறையைத்தான் செய்வேன். ஒரு பக்கமாகப் படுக்க வைத்து, முதுகெலும்பு நெடுகத் தோலைக் கீறிக் கீழ்நோக்கி உரித்து இறக்குங்கள். முன்சப்பைக்கு மூட்டே கிடையாது, காலைத் தூக்கிப் பிடித்துக் கத்தியை விலா எலும்பை ஒட்டி ஓட்டினால் அப்படியே கழன்று வரும். அப்புறம் முதுகெலும்பை ஒட்டிய நீள முதுகுக்கறி, அப்புறம் பின்தொடையை இடுப்புக் கிண்ண மூட்டில் திறந்து எடுக்க வேண்டும், கடைசியாகக் கழுத்து. திருப்பிப் போட்டு மறுபக்கம். உள்பக்கத்து மென்கறிக்குக் கடைசி விலாவுக்குப் பின்னால் கை நுழையும் அளவு கீறினால் போதும். ஈரல் பிரியர்கள் வயிற்றைத் திறந்துதான் ஆக வேண்டும். ஆண், பெண் என்று காட்டும் உறுப்பை ஒரு பின்தொடையோடு ஒட்டியே விட்டுவிடுவது என் பழக்கம், எப்போது அது கட்டாயம் என்று விதிப்புத்தகத்தில் இருக்கிறது. முன்கால் முழங்கால் வரை, பின்கால் குதிமூட்டு வரை, முதுகெலும்பை ஒட்டிய கறி, இவற்றைக் காட்டில் விட்டுவிட்டு வருவது குற்றம். கழுத்தை விடுவது குற்றமா இல்லையா என்று நான் யோசித்ததே இல்லை, கழுத்தெலும்பை எந்தத் தமிழன் விடுவான்?

முடி விஷயத்தில் எச்சரிக்கை. உள்ளே காற்று நிறைந்த வைக்கோல் மாதிரியான முடி, தொட்டாலே கை நிறைய உதிரும், கறியில் ஒட்டினால் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். பின்பக்கத்திலும் கன்னத்திலும் வாடைச் சுரப்பி இருக்கிறது, முடியைத் தொட்ட கையாலேயே கறியைத் தொடாதீர்கள். ஒரு கை தோலுக்கு, ஒரு கை கறிக்கு. துணிப்பையில் போட்டு வண்டி நிழலில் காற்றுப்படத் தொங்கவிட்டு, சூடு இறங்கியதும் ஐஸ் பெட்டிக்குள். அடியில் தேங்கும் ரத்தத் தண்ணீரை வடித்துக்கொண்டே இருக்க வேண்டும். எனக்கு எலும்பில்லாமல் நாற்பது பவுண்டுக்குக் கொஞ்சம் குறைவாகத் தேறியது.

தலையை மாட்ட நினைத்தால் கழுத்துத் தோலைக் கழுத்துச் சுற்றில் வெட்டாதீர்கள், தோளுக்குப் பின்னால் வெட்டுங்கள், இதில் தப்பு செய்தால் ஒட்டுப்போட முடியாது. உப்புப் போட்டோ உறைய வைத்தோ சீக்கிரம் பதப்படுத்துபவரிடம் சேர்த்துவிடுங்கள்.

சமையல், சுருக்கமாக

இதன் கொழுப்பு ஆறினால் மெழுகு மாதிரி மேலண்ணத்தில் ஒட்டும். ஒன்றுவிடாமல் சீவி எடுங்கள். கறியில் கொழுப்பு இல்லாததால் ஆட்டுக்கறிக் கணக்கில் வேக வைத்தால் முதுகுக்கறி ரப்பர் ஆகும். அதை உப்பும் இடித்த மிளகும் தடவி, இரும்புக் கல்லில் நெய் விட்டு, பக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிடம், நடுவில் சிவப்பாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். பாதி வெந்த கறியா என்று அம்மா வீடியோ காலில் முகம் சுளித்தார், சுளிக்கட்டும். தொடைக்கறியில் பிரியாணி போட்டுப் பார்த்தேன், வறண்டுபோனது, அதையே சின்னத் துண்டாக வெட்டி நல்லெண்ணெயில் சின்ன வெங்காயம் போட்டுச் சுக்கா வறுத்தால் சரியாக வந்தது. கழுத்தெலும்பைக் குக்கரில் பத்து விசில் விட்டு, மிளகுக் குழம்பு.

நவம்பர் வாக்கில் மாநிலத் துறையிலிருந்து எத்தனை நாள் அலைந்தீர்கள், என்ன சுட்டீர்கள் என்று கேட்டு ஒரு சர்வே வரும், நிரப்பி அனுப்புங்கள், அடுத்த வருட டேக் கணக்குக்கு அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். உங்கள் பாயின்ட் எல்லாம் டேக் கிடைத்த அன்றே பூஜ்யம் ஆகியிருக்கும். நான் அடுத்த ஜூலையில் 31 டாலர் கட்டி ஒன்று என்று ஆரம்பித்துவிட்டேன். வண்டி சீட்டுக்கடியில் அந்த வைக்கோல் முடி இன்னும் கிடக்கிறது, எத்தனை தடவை வேக்குவம் போட்டாலும் ஒன்றாவது வருகிறது.